வெட்டி எடுக்க வசதியாக ஒரு நடனம்: நிக்கோலஸ் சகோதரர்களின் திரைவாழ்க்கை

1943-இல் வந்த ‘ஸ்டார்மி வெதர்’ படம் முடியப்போகிற நேரம். கேப் காலோவே தன் இசைக்குழுவோடு ‘ஜம்பின் ஜைவ்’ பாடுகிறார். பார்வையாளர் பக்கத்திலிருந்து டெயில்கோட் அணிந்த இருவர் எழுந்து வந்து ஆடத் தொடங்குகிறார்கள். தரை போதாமல் வாத்தியக்காரர்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன மேடைகளில் தாவிப் போகிறார்கள். பியானோ மேல் ஏறுகிறார்கள். அப்புறம் அந்தப் படிக்கட்டு வருகிறது. வெள்ளை வெளேரென்று, ஒவ்வொரு படியும் சாதாரணப் படியைவிடப் பல மடங்கு பெரிதாக. ஒருவர் குதித்து, ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் முழுக்க நீட்டி, படியோடு படியாக விழுகிறார். மற்றவர் அவர் தலைக்கு மேலே பறந்து, அடுத்த படியில் அதே மாதிரி விழுகிறார். விழுந்தவர் கையை ஊன்றாமல் எழுகிறார், தாண்டுகிறார், மறுபடி விழுகிறார். கடைசிப் படி வரைக்கும் இப்படியே.

மூத்தவர் ஃபேயார்ட் நிக்கோலஸுக்கு அப்போது 28 வயது. இளையவர் ஹாரல்டுக்கு 22. இதுவரை படமான நடனக் காட்சிகளிலேயே இதுதான் தலைசிறந்தது என்று ஹாலிவுட்டின் புகழ்பெற்ற நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் சகோதரர்களிடம் சொன்னார் என்பது டாப் (tap, காலணித் தகட்டால் தரையில் தாளம் தட்டும்) நடன உலகில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அஸ்டேர் பாராட்டு வார்த்தைகளை வாரி இறைக்கிற ஆள் கிடையாது.

ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக 1940 முதல் 1943 வரை சகோதரர்கள் ஆறு படங்களில் ஆடினார்கள். ஆறில் ஒன்றில்கூட கதையை நகர்த்தும் வேடம் அவர்களுக்குக் கிடையாது. ‘ஸ்டார்மி வெதர்’ வெளியான பிறகு, அடுத்த பெரிய ஹாலிவுட் படத்துக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அதோடு அந்தப் பாதையும் ஏறக்குறைய முடிந்தது. உச்சத்தைத் தொட்ட காட்சியே கதவடைப்பாகவும் ஆனது எப்படி? இந்த ஆய்வு அந்தக் கேள்விக்காகத்தான். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அவர்களுடைய நடனம் திரையில் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதைத் தீர்மானித்தது எடிட்டிங் மேசையும், அந்த மேசைக்குப் பின்னால் நின்ற தென் மாநிலத் தியேட்டர் வசூலும்.

முன்வரிசையில் ஒரு பையன்

ஃபேயார்ட் 1914-இல் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்தார். ஹாரல்ட் 1921-இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில். அப்பா யுலிசிஸ் டிரம்ஸ் வாசிப்பவர், அம்மா வயோலா பியானோ. இருவரும் பிலடெல்பியாவின் ஸ்டாண்டர்ட் தியேட்டரில் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் குழுவை நடத்தினார்கள். கறுப்பினக் கலைஞர்கள் வந்து போகும் முக்கியமான அரங்கம் அது. ஃபேயார்ட் அங்கேயே வளர்ந்தார் என்று சொல்லலாம். முன்வரிசையில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களையும் கோமாளிகளையும் வித்தைக்காரர்களையும் நாள்தோறும் பார்ப்பார், வீட்டுக்கு வந்து செய்து பார்ப்பார். எந்த ஆசிரியரிடமும் போய்ப் படித்ததில்லை. கண்ணால் கற்றதைத் தம்பிக்கும் தங்கை டாரதிக்கும் சொல்லிக்கொடுத்தார். ‘நிக்கோலஸ் கிட்ஸ்’ என்று முதலில் மூவராக மேடை ஏறினார்கள். தங்கை விலகியதும் அது நிக்கோலஸ் சகோதரர்கள் ஆனது.

அப்பா சொன்னதாக ஃபேயார்ட் நினைவுகூர்ந்த அறிவுரைகள் சுருக்கமானவை. அடுத்தவனைப் போல ஆடாதே. ஆடும்போது காலைப் பார்க்காதே, எதிரே இருப்பவர்களைப் பார். கைகளைப் பயன்படுத்து. மூன்றாவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அன்றைய டாப் ஆட்டக்காரர்கள் பலருக்கு இடுப்புக்குக் கீழேதான் நடனம். கை சும்மா தொங்கும், அல்லது சமநிலைக்காக ஆடும். ஃபேயார்டின் கைகளைப் பாருங்கள். விரல் நுனிவரை ஒரு வரைகோடு போகும். தங்கள் பாணியை ‘கிளாசிக்கல் டாப்’ என்று அவர் சொன்னதற்கு அந்தக் கைகளே விளக்கம்.

டாப் நடனத்தில் ஆடுகிறவரே வாத்தியக்காரரும். காலணியின் முனையிலும் குதிகாலிலும் உலோகத் தகடு பொருத்தியிருக்கும். தரைதான் முரசு. இந்தக் கலையின் வேரில் ஒரு தடை கிடக்கிறது. 1739-இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு வந்த சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தது. முரசு போன இடத்தில் கையும் காலும் தாளத்தை ஏற்றுக்கொண்டன. அதோடு அயர்லாந்து ஜிக்கும், இங்கிலாந்து ஆலைத் தொழிலாளர்களின் மரச்செருப்பு ஆட்டமும் கலந்தன. வாத்தியத்தைப் பிடுங்கினாலும் தாளத்தைப் பிடுங்க முடியாது என்று காட்டிய ஒரு சமூகத்தின் நடனம் அது.

காட்டன் கிளப்

1932-இல் நியூயார்க்கின் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமின் காட்டன் கிளப்பில் ஆட வந்தபோது ஹாரல்டுக்கு 11 வயது. மேடையில் இருப்பவர்கள் கறுப்பினத்தவர், மேசையில் இருப்பவர்கள் வெள்ளையர் என்பதுதான் அந்த விடுதியின் விதி. இசைக்குழுத் தலைவர்களான டியூக் எலிங்டனோ காலோவேயோகூட ஆட்டம் முடிந்ததும் விருந்தினரோடு போய் உட்கார முடியாது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இருந்தது. குழந்தைகள் என்பதால் கிடைத்த சலுகை. அவர்கள் வளர்ந்தால் அது என்னவாகும் என்ற கேள்வியை ஹாலிவுட் பிறகு எழுப்பும்.

அதே ஆண்டு யூபி பிளேக்கின் குழுவோடு ‘பை, பை, பிளாக்பேர்ட்’ என்ற குறும்படம். இவர்கள் ஆடும் சூட்டில் எல்லோரும் எலும்புக்கூடாகி, எலும்புக்கூடுகளே ஆட்டத்தைத் தொடரும். 1934-இல் சாமுவேல் கோல்ட்வினின் ‘கிட் மில்லியன்ஸ்’. 1937-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’. அதற்கு நடனம் அமைத்தவர் ஜார்ஜ் பாலன்சின், ரஷ்ய பாலே மரபில் வந்தவர். வரிசையாக நின்ற பெண்களின் தலைக்கு மேல் ஃபேயார்ட் தாண்ட, அவர்களின் கால்களுக்கு அடியில் ஹாரல்ட் ஸ்பிளிட்டில் (ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் முழுக்க நீட்டிய நிலையில்) வழுக்கிப் போக ஓர் ஆட்டம் அமைத்தார். நீங்கள் பாலே படித்தவர்களா என்று கேட்டாராம். இல்லை என்பதுதான் பதில்.

‘ஸ்பெஷாலிட்டி’ என்ற ஏற்பாடு

1940-இல் ஃபாக்ஸின் ‘டவுன் அர்ஜென்டைன் வே’. பெட்டி கிரேபிளும் டான் அமீச்சியும் நாயகி, நாயகன். நடுவில் ஒரு கேளிக்கை விடுதிக் காட்சி. ஹாரல்ட் ஸ்பானிய மொழியில் பாடுகிறார், பிறகு இருவரும் ஆடுகிறார்கள், முடிந்ததும் கதை தன் வழியே போகிறது. சில தியேட்டர்களில் மக்கள் கைதட்டி ஓயாமல், ஆபரேட்டர் சுருளைத் திருப்பி அந்த நடனத்தை மறுபடி போட்டுக் காட்டியதாகச் சகோதரர்கள் சொல்வதுண்டு. ஃபாக்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது.

இந்த மாதிரி இடைச்செருகல் ஆட்டத்துக்கு அன்றைய ஸ்டுடியோக்களில் ‘ஸ்பெஷாலிட்டி’ என்று பெயர். இது கறுப்பினத்தவருக்கென்றே உண்டாக்கியது கிடையாது. மேடைக் கதம்ப நிகழ்ச்சிகளிலிருந்து வந்த வழக்கம், வெள்ளையரும் நிறையச் செய்தார்கள். அதனால் ஸ்பெஷாலிட்டியே அநீதி என்று எழுதுவது சரியாக இருக்காது. அதற்குள் நுழைந்தவர் அதிலிருந்து வெளியேற வழி இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதே ‘டவுன் அர்ஜென்டைன் வே’ படத்தில் பிரேசில் பாடகி கார்மென் மிராண்டாவும் ஸ்பெஷாலிட்டிதான். அவர் காட்சிகளை நியூயார்க்கில் தனியாக எடுத்து ஒட்டினார்கள். கதையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் மறு ஆண்டே, 1941-இல், ‘தட் நைட் இன் ரியோ’வில் அவருக்குப் பெயரோடு ஒரு பாத்திரம் வந்துவிட்டது, முதல் வரிசை நட்சத்திரங்களோடு வசனம் வந்துவிட்டது. (அவரை ஒரே மாதிரிக் கொண்டையிலும் கொச்சை ஆங்கிலத்திலும் சிக்கவைத்தார்கள் என்பது வேறொரு துயரம்.) ஒரே படம், ஒரே நிறுவனம், ஒரே மாதிரி வரவேற்பு. அவருக்குத் திறந்த கதவு சகோதரர்களுக்குத் திறக்கவில்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசுவார்கள், நன்றாகப் பாடுவார்கள், நகைச்சுவை கைவந்தவர்கள். தடுத்தது எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வெட்டு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்த காலம். பல நகரங்களுக்குத் தனித் தணிக்கைக் குழு உண்டு. டென்னசியின் மெம்பிஸ் நகரில் லாயிட் பின்ஃபோர்ட் என்பவர் பல ஆண்டுகள் அந்தக் குழுவுக்குத் தலைவர். 1945-இல் ‘புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ படத்தைத் தடைசெய்தார், அதில் ஒரு கறுப்பின நடிகர் வெள்ளையரோடு அளவுக்கு மீறிச் சகஜமாக இருக்கிறார் என்று. 1947-இல் ‘கர்லி’ என்ற குழந்தைகள் படத்தைத் தடைசெய்தார். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்ததே குற்றம். இப்படிப்பட்ட சந்தைக்கும் படம் விற்க வேண்டும் என்றால் ஸ்டுடியோவுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. கறுப்பினக் கலைஞரின் காட்சியைத் தன்னந்தனியாக, முன்னும் பின்னும் ஒட்டாமல் எடுத்துவிடுவது. நாயகனோ நாயகியோ அந்தச் சட்டகத்துக்குள் வரக்கூடாது. கதைக்குத் தேவையான ஒரு வசனமும் அங்கே பேசப்படக்கூடாது. பாட்டு ஒரு முழு வட்டம் முடிந்த பிறகுதான் அந்த ஆட்டம் தொடங்க வேண்டும். அப்படி இருந்தால், ஊருக்கு அனுப்பும் பிரதியில் அந்தத் துண்டை வெட்டி இரு முனைகளையும் ஒட்டினால் போதும். பார்ப்பவருக்கு ஒன்று குறைந்ததே தெரியாது.

1941-இன் ‘சன் வேலி செரினேட்’ இதற்குப் பாடப்புத்தக உதாரணம். கிளென் மில்லரின் குழு ‘சட்டனூகா சூ சூ’ பாட்டை ஒத்திகை பார்க்கிறது. வெள்ளைப் பாடகர்கள் முழுப் பாட்டையும் பாடி முடிக்கிறார்கள். அதற்குப் பிறகு, ரயில் பெட்டி செட்டுக்கு முன்னால் சகோதரர்களும் கறுப்பின நடிகை டாரதி டாண்ட்ரிட்ஜும் அதே பாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பாதியோடு நிறுத்தினாலும் காட்சி நிறைவாகத்தான் இருக்கும். அந்த நிறைவு திட்டமிட்டது. ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அவர்களின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் தையல் விட்ட இடம் கண்ணில் படும்.

எம்.ஜி.எம். நிறுவனத்தில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்னுக்கும் இதே கதிதான். தூணில் சாய்ந்தபடி ஒரு பாட்டு, அப்புறம் காணாமல் போவார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் ஆய்வு முழுமையாகாது. அன்றைய ஹாலிவுட்டில் ஒரு கறுப்பின ஆட்டக்காரருக்குக் ‘கதையில் இடம்’ என்றால் என்ன பொருள்? பில் ராபின்சனைப் பாருங்கள். படியேறும் நடனத்தின் சக்கரவர்த்தி. 1935-இல் ‘த லிட்டில் கர்னல்’ படத்தில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் கையைப் பிடித்துப் படியேறி ஆடுகிறார். அவருக்குப் பாத்திரம் இருந்தது, வசனம் இருந்தது, ஆனால் வேலைக்காரர் வேடம். நிக்கோலஸ் சகோதரர்கள் பெரும்பாலும் டெயில்கோட்டில்தான் வந்தார்கள், யாருக்கும் தட்டு ஏந்தவில்லை. விதிவிலக்குகள் உண்டு: ‘த கிரேட் அமெரிக்கன் பிராட்காஸ்ட்’ படத்தில் ரயில்வே போர்ட்டர் சீருடை, ‘டின் பான் ஆலி’யில் அரபு அரண்மனை உடை. மற்றபடி பெயரற்ற கனவான்கள். வேலைக்காரனாக நடிப்பதிலிருந்து தப்பிக்க மனிதனாக நடிக்கும் வாய்ப்பையே விட வேண்டியிருந்தது. இந்த இரண்டில் எது மேல் என்று இன்று உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெட்ட முடியாத படம்

‘ஸ்டார்மி வெதர்’ ஏன் வேறு மாதிரி ஆனது என்று இப்போது புரியும். பில் ராபின்சன், லீனா ஹார்ன், காலோவே, ஃபேட்ஸ் வாலர், கேதரின் டன்ஹாமின் நடனக் குழு என்று அந்தப் படத்தில் எல்லோருமே கறுப்பினக் கலைஞர்கள். தென் மாநிலத் தியேட்டர்காரர் எதை வெட்டுவார்? வெட்டினால் படமே இல்லை. ஆகவே முதல் தடவையாகச் சகோதரர்களின் நடனம் ஒரு படத்தின் உச்சக்கட்டத்தில், அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

நடனத்தை வடிவமைக்க உடன் இருந்தவர் நிக் காசில், ஃபாக்ஸில் அவர்களோடு தொடர்ந்து வேலை செய்தவர். 1942-இன் ‘ஆர்கெஸ்ட்ரா வைவ்ஸ்’ படத்தில் சுவரில் கால் வைத்து ஏறி, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, ஸ்பிளிட்டில் இறங்குகிற வித்தையும் அந்தக் கூட்டணியில் வந்ததுதான். படிக்கட்டுக் காட்சிக்கு முன் ‘ஒத்திகை வேண்டாம், நேராகச் செய்யுங்கள்’ என்று காசில் சொன்னதாகவும், ஒரே டேக்கில் அது முடிந்ததாகவும் ஃபேயார்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஸ்பிளிட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சர்க்கஸிலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் ஸ்பிளிட் ஒரு முடிவு. விழுந்தாயிற்று, கைதட்டு வாங்கியாயிற்று, கையை ஊன்றி எழலாம். சகோதரர்களுக்கு அது ஒரு அடி, தாளத்தில் ஒரு எழுத்து மாதிரி. விழுவது ஒரு அடியில், எழுவது அடுத்த அடிகளில். கையை ஊன்றினால் நேரம் தப்பும், பார்வைக்கும் அசிங்கம். ஆகவே இரு தொடைகளையும் உள்நோக்கி இறுக்கி, நீண்ட கால்களை ஒன்றை நோக்கி ஒன்று இழுத்தே உடம்பு முழுவதையும் நிமிர்த்துகிறார்கள். தரை வழுக்கலாக இருக்க வேண்டும், ஆனால் காலணி பிடிக்கவும் வேண்டும். உயரத்திலிருந்து குதித்து விழும்போது இது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. பட்ட சிரமம் முகத்தில் ஒரு கணமும் தெரியாது. ஃபேயார்ட் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

இன்னொன்று. டாப் காட்சிகளில் முன்பே பதிவான பாட்டுக்கு ஆடுவதும், கால் ஓசையைப் பிற்பாடு தனியாகப் பதிந்து சேர்ப்பதும் அன்றைய வழக்கம். அதனால் சாகசம் காட்டுகிறவர்களின் தாளத்தைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. ‘ஃபிளாஷ்’ ஆட்டம், வெறும் தாவல் என்று ஒதுக்குவார்கள். ஒலியை அணைத்துவிட்டு இந்தக் காட்சியைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். கேட்காத தாளம் கண்ணுக்குத் தெரியும். தாவல் எதுவும் தாளத்துக்கு வெளியே இல்லை.

பிறகு

அதே 1943-இல் ஃபேயார்ட் ராணுவத்துக்குப் போனார். ஹாரல்ட் 1942-இல் டாரதி டாண்ட்ரிட்ஜை மணந்திருந்தார், அந்த மணவாழ்வு 1951-இல் முறிந்தது. 1946-இல் பிராட்வேயில் ‘செயின்ட் லூயிஸ் உமன்’.

1948-இல் எம்.ஜி.எம்.-இன் ‘த பைரேட்’. அதன் நாயகனும் நடனக் கலைஞருமான ஜீன் கெல்லி இவர்கள்தான் வேண்டும் என்று நின்றார். ‘பீ எ கிளவுன்’ பாட்டில் மூவரும் தோளோடு தோள் சேர்ந்து ஆடுகிறார்கள். நடனமாகப் பார்த்தால் கெல்லியின் பாணிக்குள் அடங்கிய ஆட்டம், படிக்கட்டில் கண்ட வீச்சு இதில் இல்லை. ஆனாலும் எனக்கு இந்தக் காட்சி முக்கியம். வெள்ளை நட்சத்திரம் ஒருவர் அவர்களோடு ஒரே சட்டகத்தில், சமமாக நின்று ஆடுகிறார். தையல் விட்ட இடம் மறைந்துவிட்டது. தென் மாநிலச் சில ஊர்களில் அப்படியும் வெட்டினார்கள். கெல்லியையே சேர்த்து வெட்டினார்கள்.

ஃபாக்ஸின் கணக்கு அந்த அளவில் சரி என்று ஆனது. பிற ஸ்டுடியோக்களும் பாடம் கற்றன. அப்புறம் சகோதரர்களுக்கு ஐரோப்பாதான். ஹாரல்ட் பல ஆண்டுகள் பாரிஸில் தங்கித் தனியாகப் பாடி ஆடினார். 1950-களில் டாப் நடனத்துக்கே காலம் மாறிவிட்டது, பிராட்வே பாலே பக்கம் சாய்ந்தது, பெரிய இசைக்குழுக்கள் கலைந்தன. அதனால் இன ஒதுக்கல் ஒன்றே காரணம் என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போட முடியாது. ஆனால் அஸ்டேரும் கெல்லியும் நடிப்பு, இயக்கம் என்று அந்த மாற்றத்தைத் தாண்டிப்போகப் பாத்திரங்களில் நடித்த அனுபவம் கைகொடுத்தது. அந்த முதலீடு சகோதரர்களிடம் இருக்கவில்லை. யாரும் போட விடவில்லை.

அங்கீகாரம் தாமதமாக வந்தது. 1989-இல் தொடங்கிய ‘பிளாக் அண்ட் புளூ’ மேடை நிகழ்ச்சியின் நடன அமைப்புக்காக ஃபேயார்ட் மற்ற மூவரோடு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது பெற்றார். 1991-இல் இருவருக்கும் கலைஞர்களின் வாழ்நாள் பங்களிப்புக்கான கென்னடி சென்டர் கௌரவம். ஹாரல்ட் 2000-இல் நியூயார்க்கில் இறந்தார், ஃபேயார்ட் 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸில்.

இன்று ‘டவுன் அர்ஜென்டைன் வே’ படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதன் காதல் கதை மங்கிவிட்டது. தனியாக வெட்டி எடுக்க வசதியாக அமைத்த அந்த நடனங்களைத்தான் உலகம் முழுக்க, கதையை விட்டுவிட்டு, தனியாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நடன மாணவர் அதைப் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார் என்றால், அந்தத் துண்டுக்கு முன்னும் பின்னும் இருந்தது அவருக்குத் தேவைப்படவில்லை.

அமெரிக்க நாட்டுத் திரைப்படப் பதிவேட்டில் ‘ஸ்டார்மி வெதர்’ 2001-இல் சேர்ந்தது. பத்து ஆண்டு கழித்து, 2011-இல், அதே பதிவேட்டில் நிக்கோலஸ் குடும்பத்தின் வீட்டுப் படச்சுருள்களும் சேர்ந்தன. 1930-களிலும் 40-களிலும் அவர்கள் தங்கள் சொந்தக் கேமராவில் எடுத்தவை. காட்டன் கிளப்பின் உட்புறம் அதில் இருக்கிறது. 1934-இல் குடும்பம் நாட்டைக் குறுக்கே சுற்றி வந்த பயணம் இருக்கிறது. ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’ மேடை இருக்கிறது. போர்க்காலத்துக் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்று இருக்கிறது. அப்புறம் ஹார்லெம் தெரு, 1930-களின் ஒரு சாதாரண நாளில், ஆட்கள் நடந்துபோகிறபடியே.